'கார்பன் நியூட்ரல்' பேனர் வேண்டாம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உங்கள் கம்பெனி நடத்தும் கால்பந்துப் போட்டிக்கு, மரக்கன்று நட்டுவிட்டு 'கார்பன் நியூட்ரல்' (வெளியிட்ட கரியமில வாயு அத்தனையையும் வேறு வழியில் ஈடுகட்டிவிட்டோம்) என்று பேனர் போடலாமா, ஃபிஃபாவே போட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள்.

ஃபிஃபா கதையை முழுசாகப் பாருங்கள். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு அவர்களே போட்ட கணக்கு சுமார் 36 லட்சம் டன் கரியமில வாயு. அதில் பாதிக்கு மேல் பயணம். அத்தனையும் ஈடுகட்டப்படும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறி ஆணையம் சொல்லிவிட்டது. 2030க்குள் வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைப்போம், 2040க்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியிடும் அளவும் நீக்கும் அளவும் சமம்) என்றும் உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2026 போட்டியை மூன்று நாடுகளுக்கு விரித்து, 48 அணிகள் ஆக்கியதும் அவர்கள்தான்!

உங்களுக்கும் பயணத்தில்தான் கரியமில வாயு அதிகம் வெளியாகும். சென்னை, ஓசூர் அணிகள் ஆளுக்கொரு காரில் வராமல் ஒரே பஸ்ஸில் வரட்டும். உள்ளூர்க்காரர்களுக்கு பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது. ராத்திரி ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் வைத்தால் டீசல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. பகலிலேயே ஆடலாமே, பெங்களூரு வெயிலெல்லாம் சென்னைக்காரர்களுக்கு ஒரு வெயிலா?

பேனரில் எத்தனை கார் குறைந்தது, எவ்வளவு டீசல் மிச்சம் என்ற எண்களைப் போடுங்கள். மேனேஜர் பிடிவாதம் பிடித்தால், போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசு 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டுங்கள்.