வழக்கு முடியுமுன் கடன் வாங்கியவர் வீட்டை விற்கப் பார்த்தால்?

கடன் வாங்கியவர் வழக்கு முடியுமுன் வெள்ளவத்தை வீட்டை விற்கப் பார்க்கிறார், மறிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறிக்கலாம், ஆனால் சும்மா சந்தேகம் போதாது. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 653ஆம் பிரிவின்கீழ், உங்களுக்குப் பணம் கொடுக்காமல் தப்பவே அவர் சொத்தை மோசடியாகக் கைமாற்றுகிறார் என்று கொழும்பு புதுக்கடையில் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) மனுப் போட்டுக் காட்டினால், தீர்ப்புக்கு முன்பே அதைக் கைப்பற்றி வைக்கச் சொல்லி பிஸ்கலுக்கு (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) கட்டளை போகலாம். அவசரத்துக்கு விற்பது வேறு, அரை விலைக்கு மச்சானின் பெயருக்கு எழுதுவது வேறு; பின்னதுதான் மோசடி போலத் தெரியும். அப்புறம் நீங்களும் பிணை கட்டவேண்டும். பிழையாகக் கைப்பற்றியிருந்தால் அவருடைய நட்டம் உங்கள் தலையில்தான், பலர் பின்வாங்குவதும் இங்கேதான். இங்கிலாந்தில் 1975இல் பேர்பெற்ற மரேவா கட்டளையோடு இதைக் குழப்பாதீர்கள், அது பொருளைக் கைப்பற்றாது, விற்காதே என்று ஆளைத்தான் தடுக்கும். வீட்டு விற்பனை பற்றித் தரகர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் இருந்தால், சான்றாக உதவலாம், அவற்றை அழிக்காமல் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.