ஏஜென்ட்டை நிறுத்தின பிறகும் கமிஷன் கட்ட வேண்டுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் எனக்கு ஒரே ஒரு ஃபிளாட், ஒரு படுக்கையறை. வாடகை மாதம் 1,500 பவுண்டு. லெட்டிங் ஏஜென்ட் அதில் 12 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார். குடியிருக்கும் தம்பதி தங்கமானவர்கள், மூன்று வருடமாக ஒரு தகராறும் இல்லை. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். "நாங்கள் பிடித்துக் கொடுத்த ஆட்கள் அங்கே இருக்கும்வரை கமிஷன் உண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. கட்டித்தான் ஆகவேண்டுமா? ஓய்வு பெற்றதும் வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்கலாம் என்றும் ஒரு எண்ணம்.

பதில்: கையெழுத்துப் போட்டதாலேயே கட்டவேண்டும் என்று இல்லை. அந்த ஷரத்து ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, உங்கள் கண்ணில் படும்படி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நீங்கள் அனுப்பிய பதினொரு பக்கத்தையும் படித்தேன். முதல் பக்கத்தில் 12 சதவீதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சரி. இந்தத் தொடர் கமிஷன் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒன்பதாம் பக்கத்தில், சாவி தொலைந்தால் என்ன கட்டணம் என்பதற்கும் உங்கள் பேருக்கு வரும் தபாலை எங்கே அனுப்புவது என்பதற்கும் நடுவில், பொடி எழுத்தில் இரண்டே வரி.

இதே மாதிரி விவகாரம் 2009-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நுகர்வோர் நலனைக் காக்க அப்போது இருந்த அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம், ஃபாக்ஸ்டன்ஸ் என்ற பெரிய ஏஜென்சி மீது போட்ட வழக்கு. வாடகைக்காரர் தொடர்ந்து இருக்கிறார் என்பதற்காக ஏஜென்ட் வருடா வருடம் வாங்கும் கமிஷன், சாதாரண வீட்டுக்காரர் கண்ணில் படாமல் விதிகளுக்குள் ஒளிந்திருந்தால் அந்த ஷரத்து நியாயமற்றது, அதை வைத்துப் பணம் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இன்று அந்தப் பாதுகாப்பு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள், இது நுகர்வோருக்கான சட்டம். இருபது வீடு வைத்து அதையே தொழிலாக நடத்துகிறவர் இதைச் சொல்லித் தப்ப முடியாது. வேறு வேலை பார்த்துக்கொண்டு ஒரே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களுக்கு இந்த வாதம் நிற்கும் என்பது என் கருத்து.

அதோடு, 2025-இல் வந்த வாடகைக்காரர் உரிமைச் சட்டப்படி 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகைகளுக்குக் குறித்த காலம் என்பதே கிடையாது, எல்லாம் மாதா மாதம் ஓடுவதுதான். புதுப்பித்தல் என்று ஒன்று இல்லாதபோது புதுப்பித்தல் கமிஷன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் பல ஏஜென்சிகள் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு "குடியிருக்கும்வரை" என்று எழுத ஆரம்பித்திருக்கின்றன. உங்களுடையதும் அந்த ரகம்தான்.

செய்யவேண்டியது இதுதான். ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸ் காலத்தை (உங்களுடையதில் இரண்டு மாதம்) ஒழுங்காகக் கொடுங்கள், அந்த இரண்டு மாதக் கமிஷனையும் கட்டிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் ஷரத்து வெளிப்படையாக இல்லை என்று எழுத்தில் மறுத்துவிடுங்கள், போனில் பேசவே வேண்டாம். எட்டு வாரத்தில் முடிவுக்கு வரவில்லையென்றால் அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். எந்த லெட்டிங் ஏஜென்ட்டும் அப்படி ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடே சுருதி இறங்கிவிடும்.

இனி கணக்கு. 1,500-க்கு 12 சதவீதம் 180, வாட் சேர்த்தால் 216, வருடத்துக்கு 2,592 பவுண்டு. இது வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளக்கூடிய செலவு, ஆகவே 40 சதவீத வரி கட்டுகிறவர் கையிலிருந்து உண்மையில் போவது 1,555 சொச்சம். ஏஜென்ட்டைத் திட்டுகிற எல்லோரும் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் சமையலறைக் குழாய் மாற்றியதற்கு 165 பவுண்டு இருக்கிறதே, அந்த பில்லின் தலைப்பைப் பாருங்கள். பிளம்பர் பேர் இல்லை, ஏஜென்சி பேர்தான் இருக்கிறது. பிளம்பர் கொடுத்த அசல் பில்லைக் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லாமல் நடுவில் வைத்துக்கொண்ட லாபம் உங்கள் பணம். ஏஜென்ட் வாங்கும் ரகசியக் கமிஷன் அவரை அமர்த்தியவருக்கே சொந்தம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-இல் எஃப்எச்ஆர் வழக்கில் சொல்லிவிட்டது.

"ஏஜென்ட் இருந்தால் சட்டப் பொறுப்பு அவருடையது" என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கமிஷன் கட்டுகிறார்கள். அது அப்படி இல்லை. எரிவாயுச் சாதனங்களைப் பதிவு பெற்ற பொறியாளர் வருடம் ஒருமுறை சோதிக்கவேண்டும், மின்சாரச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கவேண்டும், ஏஜென்ட் மறந்தாலும் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். என்னிடம் ஒருவர் வந்தார், எரிவாயுச் சான்றிதழ் காலாவதியாகி ஏழு மாதம், முழு நிர்வாகத்துக்குக் கமிஷன் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம். வாடகைக்கு வருகிறவரின் குடியேற்ற உரிமையைச் சரிபார்ப்பது ஒன்றை மட்டும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஏஜென்ட் தலையில் முழுதாக மாற்றலாம். மற்றவற்றில் வேலைதான் கைமாறும், பொறுப்பு உங்களிடமே இருக்கும்.

அதனால் இப்போதைக்கு நீங்களே பாருங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஒரே ஃபிளாட், எரிவாயு, மின்சாரச் சோதனைத் தேதிகள் இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் காலி செய்தால் ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு மட்டும் ஒருமுறைக் கட்டணத்தில் ஏஜென்ட்டை அமர்த்திக்கொள்ளலாம்.

பிரியும்போது ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது டெபாசிட்டில். ஐந்து வார வாடகை, சுமார் 1,730 பவுண்டு, இப்போது பாதுகாப்புத் திட்டத்தில் ஏஜென்ட் பேரில் பதிவாகியிருக்கிறது. அவர் பதிவை முடிக்கும் முன்பே உங்கள் பேரில் மாற்றி, அந்த விவரத்தைத் தம்பதியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். டெபாசிட் பாதுகாப்பில்லாமல் கிடந்தது என்று ஆனால் அதன் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை நீதிமன்றம் உங்களைக் கட்டச் சொல்லலாம். அப்புறம் முகவரி. வாடகைக்காரர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு முகவரி கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 1987 வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. கொடுக்காதவரை சட்டப்படி வாடகையே பாக்கி ஆகாது. தம்பதியோடு போட்ட வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது ஏஜென்சி முகவரி, புதியதை எழுதிக் கொடுங்கள்.

ஊருக்குப் போகிற யோசனைதான் கணக்கை மாற்றுகிறது. வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால் பிரிட்டன் வரித்துறை உங்களை வெளிநாட்டு வீட்டுக்காரராகப் பார்க்கலாம். ஏஜென்ட் இல்லாமல் வாரம் 100 பவுண்டுக்கு மேல் வாடகை வாங்கினால், குடியிருப்பவரே அடிப்படை விகிதமான 20 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டவேண்டி வரும். அந்தத் தம்பதிக்கு இந்தத் தலைவலி எதற்கு? கிளம்புவதற்கு முன் என்ஆர்எல்1 படிவம் போட்டு, பிடித்தம் இல்லாமல் வாங்க அனுமதி பெறுங்கள், வருடக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யலாம். நள்ளிரவில் பாய்லர் நின்றால் போய்ப் பார்க்க நம்பிக்கையான ஆள் லண்டனில் இருந்தால் அப்போதும் ஏஜென்ட் வேண்டாம், இல்லையென்றால் அந்த மாதங்களுக்கு மட்டும் நிர்வாகம் என்று பேசிப் பாருங்கள், 12 சதவீதத்துக்கு அல்ல.