திருநாவுக்கரசா, நாவரசா?

கேள்வி: மருமகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பெயர் திருநாவுக்கரசு. பேரனுக்கும் அதையே வைக்க ஆசை. “எவ்வளவு நீளம் அத்தை, நாவரசுன்னு வைப்போமே” என்கிறாள் மருமகள். இரண்டும் ஒன்றுதானா?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: பொருள் ஒன்றுதான்: சொல்லுக்கு அரசன். வடமொழியில் வாகீசன் என்பதும் இதுவே. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு ஊர் உண்டு, அதுவும் உங்கள் ஊர்ப்பக்கமே. தேவாரம் பாடிய நாவுக்கரசர் திருவாமூரில் பிறந்தவர்; அவருக்குப் பெற்றோர் வைத்தது மருள்நீக்கியார். சமணத்தில் இருந்தபோது தருமசேனர். சூலை நோயோடு அக்கா திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகை வீரட்டானத்தில் ‘கூற்றாயினவாறு’ பதிகம் பாடிய பிறகு கிடைத்த பெயர்தான் நாவுக்கரசு. அப்பர் என்று அழைத்தவர் சம்பந்தர்.

அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களில் பெரியபுராணம் சொல்பவர் திங்களூர் அப்பூதியடிகள். பார்த்தேயிராத அப்பர் மீது அத்தனை பக்தி: மூத்த மகன், இளைய மகன், தண்ணீர்ப் பந்தல், வீட்டுத் தராசு, பசு, எருமை வரை எல்லாவற்றுக்கும் அதே பெயர்! யாரைக் கூப்பிட்டால் யார் வந்தார்களோ.

தாத்தா தலைமுறையில் சைவ வீட்டிலும் வைத்தார்கள், வடமொழிப் பெயர் வேண்டாம் என்ற தனித்தமிழ் வீட்டிலும் வைத்தார்கள். இன்று சின்னப் பெயர் தேடும் காலம். இது தமிழில் 8 எழுத்து, ஆங்கிலத்தில் 16. சிக்கல் நீளத்தில் இல்லை, ‘க்க’வில் இருக்கிறது. ஒரு சான்றிதழில் இரண்டு ‘கே’, இன்னொன்றில் ஒன்று என்று ஆகிவிடும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே தாளில் எழுதிவைத்து, பள்ளிச் சேர்க்கை வரை அதையே கொடுங்கள். இன்னொன்று: நட்சத்திர எழுத்து பார்ப்பீர்கள் என்றால், ‘தி’ விசாகம், ‘ந’ வரிசை அனுஷம். பெயரைச் சுருக்கினால் அந்தக் கணக்கும் மாறும்.

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. ஜிப்மர் என்றால் உழவர்கரை நகராட்சி, பண்ருட்டியில் தேடாதீர்கள். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம், 21 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம்: பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதற்குப் பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது வேறு பாடு. அதனால் மாமியாரும் மருமகளும் பேசி முடித்த பிறகே பெயரை எழுதிக்கொடுங்கள்.

எங்கள் யோசனை: ஏட்டில் திருநாவுக்கரசு, வீட்டில் அரசு. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய நாட்களில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நாவரசும் குறைந்த பெயரில்லை. ஆனால் அது தாத்தா பெயர் ஆகாது.

கேள்வி: மகளுக்குத் திலகவதி என்று வைக்க ஆசை. ராசியில்லாத பெயர் என்கிறார்களே?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: அப்பரின் அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்ததை வைத்துச் சொல்கிறார்கள். அப்போது உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காக வாழ்ந்தார். தம்பியை மீட்டவரும் அவரே. 63 நாயன்மார் பட்டியலில் அவர் இல்லாததுதான் எங்கள் குறை. தாராளமாக வையுங்கள்.