விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால்...

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். பெயர் கேட்டால்கூட வாய் திறப்பதில்லை. நாங்கள் மட்டும் இருந்தால் பேச்சு ஓயாது. “அப்படியே அப்பன் மாதிரி, ரத்தத்திலேயே இருக்கு” என்கிறார் மாமியார். “நீ பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் காரணம்” என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?
– ஒரு தாய்

பதில்: மாமியார் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது, அம்மா. கணவர் சொல்வதில் கொஞ்சம்தான். குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் கைக்குழந்தைகளை ஆராய்ந்தார். குழந்தையின் முகத்துக்கு முன்னால் வண்ணப் பொம்மைகளை ஆட்டிக் காட்டினார்கள். பழக்கமில்லாத குரலை ஒலிக்கவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு குழந்தைகள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தில் ஒன்று காலை உதைத்து, முதுகை வில்லாக வளைத்து, வீறிட்டு அழுதது. பிற்பாடு புது ஆளைக் கண்டால் அம்மாவின் காலைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இந்த அழுத குழந்தைகளிடம்தான் அதிகம் இருந்தது. நான்கே மாதத்தில் எந்தத் தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட முடியும்?

மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. ‘இது புதிது, கவனம்’ என்று எச்சரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. இரண்டு வயதில் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் இருபது வயதைக் கடந்த பிறகு, அவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்து அறிமுகமில்லாத முகங்களைக் காட்டினார்கள். தயக்கமில்லாமல் வளர்ந்தவர்களைவிட இவர்களுக்கு அமிக்டலா கூடுதலாக விழித்துக்கொண்டது. 2003இல் வெளியான முடிவு இது. கதவுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் மகனுக்கும் உள்ளே அந்த மணி சற்று முந்தி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்களை அவமானப்படுத்தவில்லை.

அப்படியானால் எல்லாம் மரபணுவா? இல்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி, மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் 40 முதல் 50 சதவீதம் மரபணு வேறுபாட்டால் வருகிறது. அந்தக் கணக்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது. உங்கள் மகனின் கூச்சத்தில் பாதி அப்பாவுடையது என்று பிரித்துச் சொல்ல அதை வைத்து முடியாது. ஒற்றைக்கரு இரட்டையர்கூட ஒரே வீட்டில் வளர்ந்தும் குணத்தில் அச்சு அசலாக இருப்பதில்லை.

சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 1996இல் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவை ‘புதுமை தேடும் மரபணு’ என்று கொண்டாடினார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தபோது அது நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான மரபணு மாறுபாடுகள், ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்ந்துதான் குணத்தின் சாய்வை உண்டாக்குகின்றன. ஒரு குழந்தை எப்படிப்பட்டவனாவான் என்று சொல்லும் சோதனை கிடையாது.

இனி கணவர் சொல்வதில் உள்ள அந்தக் கொஞ்சம். கேகனின் குழுவினர் கவனித்த இன்னொன்று: வீறிட்டு அழுத குழந்தைகளிலும், சிணுங்கியவுடன் ஓடிப்போய்த் தூக்கி, புதிதாக எதுவும் நெருங்காமல் காத்த வீடுகளில் பயம் கூடுதலாகத் தங்கியது. அன்போடு, ஆனால் சிறு சங்கடங்களைச் சந்திக்கவிட்டு வளர்த்த இடங்களில் அது தணிந்தது. பல பிள்ளைகள் வளர வளர நடுவாந்தரத்துக்கு வந்துவிட்டார்கள். எனவே அவனை ஒளித்தும் வைக்காதீர்கள், இழுத்தும் நிறுத்தாதீர்கள். யார் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். “பேரைச் சொல்லுடா” என்று எல்லோர் முன்னிலும் நெருக்க வேண்டாம். அவனுக்குப் பிடித்த படப்புத்தகத்தை எடுத்துவந்து காட்டச் சொல்லலாம். கையில் ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் வந்ததுதானே? “இவன் கூச்ச சுபாவம்” என்று அவன் காதுபடச் சொல்வதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். எனக்கு இதில்தான் அதிகக் கவலை.

பள்ளியில் சேர்ந்து மாதக்கணக்கான பிறகும் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்றால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அது கூச்சத்தைத் தாண்டிய விஷயம், பயிற்சியால் சரிசெய்யக்கூடியது.

கணவரிடம் ஒன்று கேளுங்கள். மாமியார் சொல்வதைப் பார்த்தால் அவரும் சிறு வயதில் இப்படி ஒளிந்தவர்தான். அந்தக் கதையை ஓர் இரவு மகனின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவரே சொல்லட்டும்.