சின்ன வகுப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்

தம்பி, இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வாடகை எவ்வளவு, பழைய கார் வாங்கலாமா, எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்பதற்கெல்லாம் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும். ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம், பேச்சு குறைவு. வகுப்புக்கு எட்டே பிள்ளைகள் இருக்கும் ஒரு சின்னத் தனியார் பள்ளி 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறது. கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம்.

ஊரில் நமக்குப் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு: தனியார் என்றால் கவனிப்பு, அரசுப் பள்ளி என்றால் வேறு வழி இல்லாதவர்களுக்கு. இங்கிலாந்தில், அதுவும் ஆட்டிசம் உள்ள நம் பிள்ளைகள் விஷயத்தில், அந்தக் கணக்கு செல்லாது. இங்கே சாதாரண அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் 'சென்கோ' என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கூடுதல் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்; தகுதி பெற்ற ஆசிரியராகவும் இருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆசிரியர் பயிற்சித் தகுதியே இல்லாதவரையும் அவர்கள் வகுப்பெடுக்க வைக்கலாம், சட்டம் தடுக்காது. எட்டுப் பிள்ளைகள் என்பது நல்லதுதான். அந்த எட்டுப் பேர் முன்னால் நிற்பவருக்கு ஆட்டிசம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டீர்களா?

அடுத்தது விசா பயம். 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசு உதவித்தொகை கேட்கக் கூடாது, என்று விசாவில் போட்டிருப்பதைப் பார்த்து, அரசுப் பள்ளியே நமக்கு ஆகாது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிச் சட்டம் பேசும் அண்ணன்மார் நிறைய. பள்ளிப் படிப்பு அந்தத் தடைக்குள் வராது. பிள்ளைக்கான சிறப்புத் திட்டமும் வராது. ஆனால் டி.எல்.ஏ. என்கிற மாற்றுத்திறன் உதவித்தொகை வரும். நிரந்தர வசிப்புரிமைக்கு முன்னால் அதற்கு விண்ணப்பித்து விசாவைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கிடைக்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

நீங்கள் துரத்த வேண்டியது ஈ.எச்.சி.பி. என்கிற ஆவணத்தை: பிள்ளைக்கு என்ன தேவை, என்ன உதவி என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், எழுதித் தரும் சிறப்புத் திட்டம். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. உங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு நீங்களே எழுதிக் கேட்கலாம், பள்ளி எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்குள்ள மருத்துவரின் ஆட்டிசம் சான்று வரும்வரையும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கான வரிசை எவ்வளவு நீளம் என்பது போகப்போகத் தெரியும். மதிப்பீடு செய்வார்களா மாட்டார்களா என்பதை 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து திட்டம் கைக்கு வர 20 வாரம். இது சட்டத்தின் காலக்கெடு. கவுன்சில்கள் தாமதிக்கும், முதல் தடவை மறுக்கவும் செய்யும். மறுத்தால் ட்ரைப்யூனல் என்கிற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நம் ஆட்கள் மறுப்புக் கடிதத்தை வாங்கியதும் தலைவிதி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரப் பெற்றோர் அன்றே மேல்முறையீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள இது ஒன்று போதும்.

திட்டத்தின் வரைவு வந்ததும் 'எஃப்' பிரிவை வரிவரியாகப் படியுங்கள். பிள்ளைக்கு என்ன உதவி கொடுப்பார்கள் என்பது அங்கேதான் இருக்கும். 'தேவைப்படும்போது ஸ்பீச் தெரபி' (பேச்சுப் பயிற்சி) என்று எழுதியிருந்தால் அது வெறும் பேச்சு. வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிடம், யார் கொடுப்பார் என்று இருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அதைக் கொடுத்தே தீர வேண்டிய சட்டப்பொறுப்பு கவுன்சிலுடையது. இங்கேதான் உங்கள் தனியார் பள்ளி குறுக்கே வருகிறது. நீங்களே பணம் கட்டி ஒரு பள்ளியில் சேர்த்து, அது பிள்ளைக்குப் பொருத்தமான ஏற்பாடுதான் என்றும் ஆகிவிட்டால், கவுன்சிலுக்கு அந்தப் பொறுப்பு விலகிவிடும். கடனும் உங்களுடையது, தெரபி செலவும் உங்களுடையது.

நாங்கள் லண்டன் க்ராய்டனுக்கு வந்தது 2006-இல், திறமையுள்ள வேலைக்காரர்களுக்கான எச்.எஸ்.எம்.பி. விசாவில். வந்த கொஞ்ச நாளிலேயே அந்த விசாவின் விதிகளை மாற்றி, ஏற்கெனவே வந்தவர்களுக்கும் அதுவே பொருந்தும் என்றார்கள். 2008-இல் நீதிமன்றம் அது தவறு என்று சொல்லும்வரை எங்கள் வட்டத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த நேரத்தில்தான் என் மகளுக்குப் பள்ளி தேடினேன். அப்போது ஈ.எச்.சி.பி. கிடையாது, அதன் இடத்தில் இருந்த ஆவணத்தை 'ஸ்டேட்மென்ட்' என்பார்கள். ஒரு சின்னத் தனியார் பள்ளியையும் போய்ப் பார்த்தேன். அழகான தோட்டம், தலைமையாசிரியர் பிஸ்கட்டெல்லாம் கொடுத்து உபசரித்தார். மதிய இடைவேளையில் மைதானத்தில் இவளோடு யார் நிற்பார் என்று கேட்டேன். 'எங்கள் பிள்ளைகள் ரொம்ப அன்பானவர்கள்' என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருமுனையில் இருந்த அரசுப் பள்ளியின் சென்கோவோ, நான் கேட்பதற்கு முன்பே மைதானம், கழிப்பறை, தீயணைப்பு ஒத்திகை மணி என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். மணிச் சத்தத்துக்கு என் மகள் அலறுவாள் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன். கட்டடம் என்னவோ பழசு, கூரை ஒழுகும்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த ஒரு சுகாதாரப் பணியாளர், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்புகிறாள் என்றார். உங்களிடமும் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசம் கூடுவதுமில்லை. நாங்கள் தமிழை விடவில்லை. இப்போது அவள் என்னைத் திட்டுவது தமிழில்தான், அதுவும் மாமியார் ஊர்த் தமிழில்.

தெரிந்த குடும்பம் ஒன்று இன்னொரு சின்னப் பள்ளியில் மகனைச் சேர்த்தது. இரண்டாம் பருவத்தில் கூப்பிட்டு, 'இது அவனுக்கு ஏற்ற இடமில்லை' என்றார்கள். அரசுப் பள்ளி பிள்ளையை நிரந்தரமாக நீக்கினால் தனிக் குழு ஒன்றிடம் முறையிட வழி உண்டு. தனியாரில் அந்தக் குழு கிடையாது, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பேசும். பாகுபாடு என்று நிரூபிக்க முடிந்தால் 6 மாதத்துக்குள் ட்ரைப்யூனலுக்குப் போகலாம். அவர்கள் போகவில்லை. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமாம். நம் சமூகத்தில் இது ஒரு வியாதி. பொங்கல் விழாவுக்குப் பெரிய பிள்ளையை மட்டும் கூட்டிவந்து, சின்னவனுக்குக் காய்ச்சல் என்பார்கள், வருஷா வருஷம் காய்ச்சல். பாதிப் பேருக்குக் கிராமர் ஸ்கூல் என்கிற, தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளியின் தேர்வைத் தவிர வேறு உலகமே கிடையாது. மீதிப் பேர் 'எங்கள் பெரியப்பா ஐந்து வயதில்தான் பேசினார்' என்று ஆறுதல் சொல்வார்கள். அப்படிப்பட்ட பெரியப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்!

இவ்வளவும் சொன்ன பிறகும் தனியார்தான் என்றால், அரசின் பதிவேட்டில் பள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அல்லது ஐ.எஸ்.ஐ. அமைப்பின் ஆய்வறிக்கை. ஒப்பந்தத்தில் விலகல் அறிவிப்புக்கான வரியைப் படியுங்கள். பெரும்பாலும் முழுப் பருவம் முன்னதாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பருவக் கட்டணம் போச்சு. 2025 ஜனவரி முதல் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரியும் உண்டு, அவர்கள் சொன்ன தொகை வரி சேர்த்தா என்று கேளுங்கள். தனி உதவியாளருக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி செய்ய வேண்டிய நியாயமான மாற்றங்களுக்குக் காசு கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

சாதாரணத் தனியார் பள்ளி வேறு, தனியார் சிறப்புப் பள்ளி வேறு. சிறப்புப் பள்ளிகளில் சில 'செக்‌ஷன் 41' என்கிற அரசு ஒப்புதல் பட்டியலில் இருக்கும். அவற்றைத் திட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதிவிட்டால் செலவு கவுன்சிலுடையது. சின்ன வகுப்புதான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போங்கள், அடுத்தவர் காசில்.

இந்த வாரமே கவுன்சிலுக்கு எழுதுங்கள். எல்லாக் கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு. சட்டச் சந்தேகத்துக்கு இப்சியா என்ற அறக்கட்டளை. மகன் அதுவரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் கேளுங்கள், முதல் நாளே சென்கோவைப் பார்க்க நேரம் வாங்குங்கள். எதுவானாலும் மின்னஞ்சலில். கவுன்சில்காரர்கள் போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்; பேசி முடித்த அன்று மாலையே 'இன்று நீங்கள் சொன்னது இது' என்று ஒரு அஞ்சல் போட்டுவிடுங்கள்.