மாத்திரை வாங்க மட்டும் மாசாமாசம் ஈப்போ போகணுமா?

மலேசியா பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட்லேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 56 வயசு, இனிப்புநீரும் பிரெஷரும் இருக்கு, கிட்னியிலயும் கோளாறு ஆரம்பிச்சிருச்சு, ஈப்போ பெரியாஸ்பத்திரியில பாக்குறாங்க. மாசாமாசம் மருந்து எடுக்க பிரெவெட் காருக்கே (வாடகை காரு) 70 வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆவுது, கூட போற இவங்களுக்கு செம்பனை வேலையில ஒரு நாள் சம்பளமும் போயிருது, செலவ பாத்துட்டு அம்மா இப்ப மாத்திரைய பாதி பாதியா ஒடச்சு போடுறாங்களாம். வேற வழியே இல்லையான்னு கேக்குறாங்க.

வழி இருக்கு தங்கச்சி. ஆனா அதுக்கு முன்னாடி, அந்த ஒடச்சு போடுறத இன்னைக்கே நிறுத்த சொல்லுங்க. சுகரும் பிரெஷரும் ஏறுனா வலி எதுவும் தெரியாது, கிட்னி மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும், அப்புறம் டயாலிசிஸ்னா வாரத்துக்கு 3 தடவ, தடவைக்கு 4 மணி நேரம், அந்த அலைச்சல இப்ப இருக்குற அலைச்சலோட சேத்தே பாக்க முடியாது.

நம்ம ஊரு ஏழை நோயாளிய தடுக்குறது ஆஸ்பத்திரி பில் இல்ல. கிளினிக் கெசிஹாத்தான்ல (கவர்மென்ட் சுகாதார கிளினிக்) 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளி, அவ்வளவுதான். தடுக்குறது ரோடு. தோட்டத்துலேருந்து டவுனுக்கு வந்து, அங்கேருந்து இன்னும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் ஈப்போவுக்கு. இதுல பாதி பயணம் தேவையே இல்லாதது, அதுதான் எனக்கு மனசு கேக்காத விஷயம்.

அம்மாவோட மருந்து சீட்ட எடுத்து பாருங்க. டாக்டர் பாக்குற தேதி வேற, மருந்து எடுக்குற தேதி வேற. டாக்டர் பல மாசத்துக்கு சேத்து எழுதிருவாரு, பார்மசியில மாசத்துக்கு ஒரு தடவ பிரிச்சு தருவாங்க. அந்த அடுத்தடுத்த மாச மருந்த பக்கத்து கவர்மென்ட் கிளினிக்லயே எடுத்துக்க எஸ்பியுபின்னு ஒரு ஏற்பாடு பல வருஷமா இருக்கு, தனியா காசு கிடையாது. அடுத்த தடவ ஈப்போவுல மொத மாச மருந்து வாங்கும்போதே கவுன்டர்ல கேளுங்க: "சிக், உபாட் பூலான் டெப்பான் போலே அம்பில் டி கிளினிக் டெக்காட் ரூமா தாக்?" (அடுத்த மாச மருந்த வீட்டு பக்கத்து கிளினிக்ல எடுத்துக்கலாமான்னு அர்த்தம்.) அவங்க எந்த கிளினிக்னு கேட்டு பதிஞ்சுருவாங்க. நீங்க கேக்கலன்னா அந்த கூட்டத்துல அவங்களா சொல்ல மாட்டாங்க, அத தப்பா எடுத்துக்காதீங்க, முன்னாடி நூறு பேரு நம்பர் பிடிச்சு உக்காந்திருப்பாங்க. போறதுக்கு சில நாள் முன்னாடி கிளினிக்குக்கு போன் போட்டு மருந்து ரெடியான்னு கேட்டுக்குங்க. அம்மாதான் வரணும்னு இல்ல, சீட்டோட நீங்க போனாலும் தருவாங்க. தபால்ல அனுப்புற வசதியும் இருக்கு, தபால் செலவு நம்மளோடது, ஆனா இன்சுலின் மாதிரி ஐஸ்பெட்டி மருந்துக்கு அத நம்ப வேணாம்.

அடுத்தது, அம்மா உடம்பு நிலையா இருந்தா, கிளினிக் கெசிஹாத்தான்ல இருக்குற குடும்ப மருத்துவ ஸ்பெஷலிஸ்ட்டுக்கே மாத்த முடியுமான்னு ஈப்போ டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. கிட்னி எந்த அளவுல இருக்குன்னு பாத்து அவருதான் முடிவு பண்ணணும், வேணாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. கார் காசுக்கும் வழியில்லன்னா ஆஸ்பத்திரியிலயே கெர்ஜா சோசியல் பெருபாத்தான்னு ஒரு மருத்துவ சமூகநல பிரிவு இருக்கு, வீட்டு நெலமைய மறைக்காம சொல்லுங்க, சம்பள சீட்டும் ஐசியும் கையில இருக்கட்டும்.

உங்க தோட்டத்துல இதே மாதிரி ஈப்போ போறவங்க எத்தன பேரு? பேரு, எந்த கிளினிக், என்ன மருந்துன்னு ஒரு தாள்ல எழுதி, கிளினிக்கோட பானெல் பெனாசிஹாத்துல (ஆலோசனை குழு) இருக்குறவங்ககிட்ட குடுங்க. ஊர்க்காரங்கள வச்சுதான் அந்த குழுவே நடக்குது. ஒருத்தர் போய் சொன்னா ஒருத்தரோட புகாரா கேட்டுக்குவாங்க, இருபது பேரு பட்டியல் போனா அந்த மருந்த இங்கயே ஸ்டாக் வைக்கிறத பத்தி பேச வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் மருந்து எடுக்க போகாதீங்க, 12.15லேருந்து 2.45 வரைக்கும் ரெஸ்ட் டைம், வெயில்ல அம்மாவ காக்க வைக்க வேண்டியதா போயிரும்.