பாதத்தின் மேல் ஆசை: நோயா?

நோய் இல்லை. கல்யாணமாகி 2 வருஷம், மனைவியின் பாதத்தைப் பார்த்தால்தான் அதிகமாக ஆசை வருகிறது, டாக்டரிடம் போகணுமா என்று கேட்டிருந்தீர்கள். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடே, இதனால் மனவேதனையோ அன்றாட வாழ்க்கையில் பாதிப்போ இருந்தால்தான் கோளாறு என்கிறது.

ஏன் வருகிறது? நம்ம ஊர் நரம்பியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் சொல்வது எனக்குப் பிடித்த விளக்கம்: மூளையின் தொடு உணர்வு வரைபடத்தில் பாதமும் பிறப்புறுப்பும் பக்கத்து வீடு, அதனால் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசியலாம். ஊகம்தான், நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஆசை பழசு; சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாலேயே பிலோஸ்ட்ராடஸ் என்ற கிரேக்கர், செருப்புப் போடாதே என்று கெஞ்சிக் காதல் கடிதம் எழுதியிருக்கிறார்!

ஒன்று கவனித்துப் பாருங்கள், பாதத்தை நினைக்காமலும் நெருக்கம் சாத்தியமாகிறதா? ஆகிறதென்றால் கவலையை விடுங்கள். இல்லையென்றால், அது உங்களை வாட்டினால், பாலியல் மருத்துவரைப் பார்க்கலாம்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றால், ராத்திரி அவர் காலை நீட்டி உட்காரும்போது நல்லெண்ணெயோடு போய், "காலைப் பிடித்துவிடட்டுமா?" என்று கேளுங்கள்; சரி என்றால் மெட்டி ஓரத்தில் மெதுவாகப் பிடித்துவிடுங்கள். அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பஸ்ஸில் தெரியாத பெண்களின் காலைப் போட்டோ எடுக்கிற அளவுக்குப் போனால் மட்டும் கதை வேறு.